புகை வராத அடுப்பு

செருப்ப வெளிய விடாண்டாம் தம்பி, உள்ளயே கழத்திப் போடுங்க. இந்தத் தெருவுல ஒரு நாய் இருக்கு, வலது கால் செருப்ப மட்டும் தூக்கிட்டுப் போவும். அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. போன்ல பேசினது நீங்கதான? பாளையங்கோட்டையில இருந்து பைக்குலயா வாறிய? இந்த வெயிலுலயா? மொதல்ல தண்ணி குடிங்க. அடுப்பு எங்கயும் ஓடிராது.

அந்தா, அந்த மூலையில போர்வ போத்திக் கெடக்கு பாருங்க, அதான். தொறந்து காட்டுதேன், பொறுங்க. ‘கரி அடுப்பு, சாமான்களோட’ன்னு ஒரே வரியில போட்டிருந்துச்சு இல்லா? அது லூர்து வாத்தியாரு எழுதினது. எதுத்த வீட்டுக்காரரு. படம் எடுத்து, போன்ல போட்டு, எல்லாம் அவருதான். நான் எழுதியிருந்தா ரெண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

மொதல்லயே ஒரு விசயம் சொல்லிருதேன். இது பதினாலாம் தேதிக்குள்ள வீட்ட விட்டுப் போவணும். பதினாலு எங்க வீட்டம்மா போயி ஒரு வருசம் ஆவுது, வருச ஆராதன. எம்மவ பியூலா சென்னையில இருக்கா. அந்த அடுப்பு வீட்டுல கெடந்தா நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டா. எங்கிட்ட சொல்லல, வாத்தியாருகிட்ட சொல்லியிருக்கா. எங்கிட்ட அவ பேசி பதினோரு மாசம் ஆவுது. பெத்த தாய்க்கு ஆராதன, மவ வராம எப்படி நடத்த? குருவானவரு வந்து ஜெபம் பண்ணிட்டு, ரெண்டு இடியாப்பம் தின்னுட்டுப் போறதுக்குப் பேரு ஆராதனையா? அதான் விக்கேன். மத்தபடி இதுல ஒரு கொறையும் கெடையாது. கொற இருக்கப் போயித்தான் விக்கான்னு நெனச்சிராதிய. அத மட்டும் நெனச்சிராதிய.

நெருப்பப் பத்தி எனக்கு ஒருத்தன் சொல்லித் தராண்டாம் தம்பி. மில்லுல பாய்லர்ல முப்பத்தொரு வருசம் நின்னவன். தவசிமுத்துன்னு சொன்னா மில்லு கேட்டுல வாட்ச்மேன் இன்னைக்கும் எந்திரிச்சு நிப்பான். பாய்லர்ல எங்களுக்கு மொதப் பாடம் என்னன்னு நெனைக்கிய? உள்ள எட்டிப் பாக்காத, வெளிய போயி சிம்னியப் பாருன்னு சொல்லுவாவ. சிம்னியில கருப்பா வந்துதுன்னா எரிக்கவனுக்குத் தொழில் தெரியல. ஒண்ணுமே தெரியல, வெறும் வானந்தான் தெரியுதுன்னா அவன் ஆளு. என் சிப்டுல வெறும் வானந்தான் தெரியும்.

இப்படி ஒரு ஆளுக்கு, மூணு வருசத்துக்கு முந்தி கிறிஸ்துமஸுக்கு மாப்பிள ஆல்வின் ஒரு பெட்டி கொண்டாந்தாரு. பிரிச்சுப் பாத்தா நாலு காலு, ஒரு தகரத் தொட்டி, மேல கொசுவல கனத்துல ஒரு கம்பி வல. அதுலயும் மூணு திருகாணி கொறையுது. மாடியில வச்சு கோழி சுட்டோம். என்ன புகங்கிய! தெருவுல போனவன் தீப்புடிச்சிட்டுன்னு நின்னு பாத்தான். ஜெபக்கனிக்கு இளப்பு உண்டு. எங்க வீட்டம்மாதான் ஜெபக்கனி. படிக்கட்டுல உக்காந்து இருமினா பாருங்க, மவ போயி முதுகத் தடவி, மருந்து அடிக்க வச்சு, கீழ கூட்டிட்டுப் போனா. மாப்பிளைக்கு மொகமே இல்ல.

மறுநா காலையில ஜெபக்கனி எங்கிட்ட சொன்னது என்னன்னா, அத மாடியிலயே வச்சிருங்க, ஆசப்பட்டா நீங்க சுட்டுக்கிடுங்க, எனக்குக் கொழம்பு போதும்ன்னா. நான் விடுவேனா? எம்பொண்டாட்டி இருமுதா. நெருப்பு எந்தொழில். ரெண்டுக்கும் நடுவுல ஒரு தகரம் நிக்கு. அன்னைக்குப் பிடிச்சேன் இந்த வேலைய. இதுல நான் செஞ்சது அத்தனையும் அவளுக்காவத்தான். இத எம்மவட்ட யாரும் சொல்ல மாட்டேங்காவ.

இந்தா, போர்வைய எடுத்துட்டேன். பாருங்க. பேசாம பாருங்க கொஞ்ச நேரம்.

புகை எங்க இருந்து வருதுன்னு மொதல்ல யோசிச்சேன். கறியில இருந்து எண்ணெ சொட்டுது, கரி மேல விழுது, அதான் புகை. அப்போ சொட்ட விடக் கூடாது. பட்டறையில போயி எவர்சில்வர் தகட்ட நீளநீளமா வெட்டி, நடுவுல மடக்கி, கூர ஓட்டத் திருப்பிப் போட்ட மாதிரி வரிசையா ஒட்ட வச்சேன். எண்ணெ அந்த வாய்க்கால்ல ஓடி, முன்னால இந்தக் கிண்ணத்துல வந்து விழும். மூணு தடவ செஞ்சோம். மொதத் தடவ சரிவு பத்தல. ரெண்டாந் தடவ சரிவு கூடிப் போச்சு, சீலா மீன் துண்டு அப்படியே வழுக்கி கிண்ணத்துக்குள்ள குதிச்சிட்டு. ஜெபக்கனி சிரிச்சா. உசுரில்லாத மீனக் கூட நீந்த வச்சிட்டியளேன்னா. மூணாந் தடவ சரியா வந்துச்சு. தொட்டுப் பாருங்க, ஓரத்துல எங்கயாவது கை அறுக்கா? அறுக்காது.

அடுத்தது கரி. இந்தப் பக்கமெல்லாம் வேலிக்கருவ கரிதான். அதுல பாதி வேகாத கட்ட கெடக்கும், வச்ச ஒடன புகையும். தேங்காச் சிரட்டைக் கரிக்கு மாறினேன். அதையும் அப்படியே போடப்படாது. சல்லடையில தூசி போவச் சலிச்சு, மாடியில மூணு நாளு காய வைக்கணும். பாயி வேணும்லா, அவ மொளகா காயப் போடுற பாய எடுத்துக்கிட்டேன். அந்த வருசம் மொளகாப் பொடி கடையில வாங்கினோம்.

இந்த டப்பா கரி பத்த வைக்க. ஆன்லைன்ல வாங்கினது, ஆனா அவன் குடுத்த கைப்பிடி ரெண்டாம் நாளே கழண்டுட்டு, இது நான் போட்டது, தேக்கு. அடியில காயிதத்தக் கொளுத்திட்டா பத்து நிமிசத்துல கரி வெள்ள பூத்துரும். அதுக்குப் பொறவுதான் தொட்டியில தட்டணும். இடுக்கி மூணு இருக்கு, நீளமானது கரிக்கு, நடுவுள்ளது கறிக்கு, சின்னதுக்கு வேலையில்ல, சும்மா அழகா இருந்துச்சுன்னு வாங்கினேன். கையுற, கம்பி, சாம்பத் தட்டு. எல்லாம் அந்தச் சாக்குல இருக்கு, எண்ணிக்கிடுங்க.

இப்போ மூடி. இதுக்குத்தான் நீங்க வந்திருக்கிய, உங்களுக்கே தெரியாது. கடையில விக்கான் பாத்தியளா, அந்த மூடியெல்லாம் பொம்ம. இது என்னன்னு நெனைக்கிய? சர்ச்சுல அசன விருந்துக்குச் சோறாக்குற பெரிய தேக்சா இருக்குல்லா, அதோட மூடி. பாத்திரம் வாடகைக்கு விடுற கடையில ஓட்ட விழுந்துட்டுன்னு ஒதுக்கிப் போட்டிருந்தான். எனக்கு அந்த ஓட்டதான் வேணும். சூடு பாக்குற முள்ளு அதுல அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு. மேல ஒரு காத்துக் கதவு, கீழ ஒரு காத்துக் கதவு. பாய்லர்ல டேம்பர்னு சொல்லுவோம். ரெண்டையும் தொறந்தா தகதகன்னு எரியும். ஒடுக்கினா செகப்பா, சத்தமில்லாம, அஞ்சு மணி நேரம் கெடக்கும். அஞ்சு மணி நேரம் தம்பி! ஒரு கை கரி போதும்.

எல்லாம் முடிஞ்ச அன்னைக்கு அவள மாடிக்குக் கூப்புட்டேன். என் வெள்ளத் துண்ட எடுத்து மேல் டேம்பருக்கு நேரே பத்து நிமிசம் பிடிச்சேன். விரிச்சுக் காட்டினேன். ஒரு பொட்டுக் கருப்பு இல்ல. அவ அடுப்புக்குப் பக்கத்துலயே நின்னா. இருமல. அஞ்சு நிமிசம், பத்து நிமிசம், இருமவே இல்ல. நல்லாத்தான் செஞ்சிருக்கியன்னா. முப்பத்தொரு வருசத்துல மேனேஜரு ஒருத்தன் அப்படிச் சொன்னதில்ல. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. பொறவு, கீழ போயி கொழம்பு வைக்கட்டுமான்னு கேட்டா.

காப்பி குடிப்பியளா? நானே போடுவேன். இப்போ எல்லாம் நாந்தான். வேண்டாமா? சரி.

போன வருசம் மழ ஞாவகம் இருக்கா? உங்க ஊருலயும் பேஞ்சிருக்கும். மூணு நாளு விடல. தெருவுல முட்டளவு தண்ணி, கரண்டு கெடையாது. அந்த நேரம் பாத்து கேஸும் தீந்துட்டு. சிலிண்டர் வண்டி எங்க வர? ஜெபக்கனி, முக்குக் கடையில ரொட்டி வாங்கிட்டு வாங்க, ரெண்டு நாளு ஓட்டிரலாம்ன்னா. வீட்டுல இப்பேர்ப்பட்ட அடுப்ப வச்சுக்கிட்டு ரொட்டி திங்கதுக்கு நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கெடக்கேன்? மாடியில மழ கொட்டுது. சரி, உள்ள கொண்டாந்தேன். இந்தா, நீங்க உக்காந்திருக்கிய இல்லா, அதுக்கு நேரே வச்சேன்.

வீட்டுக்குள்ளயான்னு கேட்டா. ஒரு தடவதான் கேட்டா. நான் துண்டப் பிடிச்சுக் காட்டினேன். பாரு, வெள்ளயா இருக்கா இல்லியான்னேன். வெள்ளயாத்தான் இருக்குன்னா.

சாரல் அடிக்கி. சன்னல் எல்லாத்தையும் நாந்தான் அடைச்சேன். குளுந்த காத்து அவளுக்கு ஆவாது, இளப்பு இழுத்துரும். கதவுக்குக் கீழ தண்ணி வந்துரக் கூடாதேன்னு சாக்கு சுருட்டி வச்சேன். கோழி நாலு துண்டு சுட்டேன், உருளக் கெழங்கு நாலு. மத்தியானம் ஒரு மணி இருக்கும், ரெண்டு பேரும் சாப்ட்டோம். அவ ஒரு துண்டுதான் தின்னா. தல கனக்குன்னா. மூணு நாளா ஈரம், கனக்காம என்ன செய்யும்? போர்வையப் போத்திப் படுன்னேன். இந்தக் கட்டில்லதான் படுத்தா. சாயங்காலம் காப்பிக்கு நெருப்பு வேணும்லா, கரி வீணாப் போவக் கூடாதேன்னு மேல் டேம்பர கால்வாசி, கீழ் டேம்பர கால்வாசி ஒடுக்கினேன். செகப்பா, அழகா கெடந்துச்சு. ரெண்டு கோழித் துண்ட எடுத்துக்கிட்டு லூர்து வாத்தியாரு வீட்டுக்குப் போனேன். அவரும் கேஸ் இல்லாமத்தான் இருந்தாரு. சாக்கத் தள்ளிட்டு வெளிய வந்து, தண்ணி உள்ள போயிரக் கூடாதேன்னு திரும்பவும் வெளிய இருந்து கதவோட ஒட்டி வச்சிட்டுத்தான் போனேன். அவ்வளவு கவனமா போனேன் தம்பி.

அங்க ரெண்டு மணி நேரம் ஆயிட்டு. வாத்தியாருக்கு டேம்பர் வெவரம் புரியவே இல்ல. காயிதத்துல படம் போட்டுக் காட்ட வேண்டியதாப் போச்சு. காத்து கீழ எப்படி நொழையுது, மேல எப்படி போவுதுன்னு. அவரு தலையத் தலைய ஆட்டுவாரு, திரும்ப அதையே கேப்பாரு.

வந்து பாத்தா தூங்குதா. மொகம் நல்லா செவசெவன்னு இருக்கு. கலியாணத்தன்னைக்குக் கூட அவ மொகம் அப்படி இருக்கல. சரி, மூணு நாளு குளுருக்கு இதமா கெடந்திருக்கான்னு நெனச்சேன். காப்பிக்குத் தண்ணிய வச்சிட்டுத்தான் கூப்புட்டேன். ரெண்டு தடவ கூப்புட்டேன். பொறவு தொட்டேன்.

வாத்தியாரு ஓடி வந்து மொத வேலையா சன்னலத் தொறந்தாரு. சாரல் அடிக்குன்னு நான் சத்தம் போட்டேனாம். எனக்கு ஞாவகம் இல்ல. டிராக்டர் ஒண்ணப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்க ஒரு டாக்டரு, மீசை கூட சரியா மொளைக்கல, அவன் அவ கண்ணையும் அந்தச் செவந்த மொகத்தையும் பாத்துட்டு, வீட்டுக்குள்ள கரி எரிச்சியளான்னு கேட்டான். கரியில இருந்து ஒரு வாயு வருமாம். நெறம் கெடையாதாம், வாட கெடையாதாம், புகை மாதிரி தெரியாதாம். அடைச்ச வீட்டுல ஆளு தூங்கும்போதே கொன்னுருமாம். காத்த ஒடுக்கி வச்சா இன்னும் கூட வருமாம். நான் அவங்கிட்ட, தம்பி, எந்துண்டு வெள்ளயா இருக்கு, வந்து பாருன்னேன். அவன் நர்சப் பாத்தான். சீட்டுல அதத்தான் எழுதிக் குடுத்தான். படிக்கும்போது பாய்லரப் பாத்திருப்பானா அவன்? புகையே இல்லாத எடத்துல விச வாயு எங்க இருந்துய்யா வரும்? அவளுக்கு இருவது வருசமா இளப்பு. மழக்காலம். மூச்சு நின்னு போச்சு. அவ்வளவுதான.

அவ்வளவுதான தம்பி? படிச்சவுக மாதிரி இருக்கிய. நீங்க சொல்லுங்க.

அடக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தோம். பியூலா இந்த அடுப்பு முன்னால வந்து நின்னா. அழல. மூடியத் தூக்கிப் பாத்தா, டேம்பரத் தள்ளித் தள்ளிப் பாத்தா. பாராட்டத்தான் போறான்னு நெனச்சேன், எம்புத்திய என்ன சொல்ல. அவ திரும்பி எம்மொகத்தப் பாத்துச் சொன்னா:

“அப்பா, உங்க மாப்பிள கொண்டாந்த அந்தத் தகர அடுப்பாவே இருந்திருந்தா அம்மா இருமியிருப்பா. இருமி எந்திரிச்சு வெளிய வந்திருப்பா.”

இது என்ன பேச்சு? புகையுற அடுப்பு நல்ல அடுப்பாம், புகையாத அடுப்பு கெட்ட அடுப்பாம். யாராவது கேட்டா சிரிப்பாவ. நான் அதத்தான் சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே பஸ் ஏறிட்டா. அதுக்குப் பொறவு பேச்சு இல்ல. ராத்திரி பகல் பாக்காம அவ சொன்னதத்தான் நெனச்சுப் பாக்கேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் எனக்குப் பிடிபட மாட்டேங்கு.

வாத்தியாரு சொல்லுதாரு, பழைய இரும்புக் கடையில போட்டுரும், பத்து நிமிசத்துல பெரச்சன முடியும், புள்ள வந்துருவான்னு. அவருக்கு என்ன? ஒடச்சு இரும்புல போட்டா என்ன அர்த்தம்? இது கெட்டதுன்னு அர்த்தம். இது கெட்டதுன்னா அவள யாரு… இல்ல தம்பி. அத நான் செய்ய மாட்டேன். ஒரு நல்ல ஆளு வீட்டுக்குப் போவணும். அங்க நல்லபடியா எரியணும். அப்பத்தான் நான் செஞ்சது நான் செஞ்சதா இருக்கும்.

உங்களுக்கு முன்ன மூணு பேரு வந்தாவ. ஒருத்தரு குரும்பூரு, ஒருத்தரு கோவில்பட்டி, இன்னொருத்தரு இங்கனக்குள்ளதான். வந்து தடவிப் பாப்பாவ, எம்மாம் வேலன்னு மலைச்சுப் போவாவ. எல்லாத்தையும் ஒளிக்காம சொல்லுவேன், உங்ககிட்ட சொன்ன மாதிரித்தான், ஏன் விக்கீருன்னு கேட்டா சொல்லித்தான ஆவணும். கடைசி வர கேட்டுட்டு, வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுப் போன் பண்ணுதேன்னு போவாவ. ஒருத்தரும் பண்ணல. வில கூடுதலான்னு கொறைச்சுப் போடச் சொன்னேன். அப்பயும் ஒருத்தரும் பண்ணல.

பதினாலுக்கு இன்னும் ஆறு நாளு இருக்கு. எனக்கு அவ இல்லாம இந்த வீட்டுல முடியல தம்பி. ஜெபக்கனியச் சொல்லுதேன். மவளும் இல்லன்னா நான் யாரப் பாத்து எந்திரிக்க?

எதுக்குன்னு வாத்தியாருகிட்ட கூட சொல்லல, உங்ககிட்ட சொல்லுதேன். நானே ஒரு நா சோதிச்சுப் பாத்தேன். அதே மாதிரி கரி, அதே மாதிரி டேம்பர், சன்னல் எல்லாம் அடைச்சு, அவ படுத்த எடத்துல படுத்துப் பாத்தேன். அர மணி நேரத்துல தல கனத்துச்சு, கொமட்டுச்சு. எனக்குப் பிரசர் உண்டு, அன்னைக்கு மாத்திரையும் போடல. கடைசி வர பாத்துருவோம்னுதான் கெடந்தேன். வாத்தியாரு கதவ ஒடச்சுக்கிட்டு வந்து கெடுத்துட்டாரு. இல்லன்னா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

அதனால ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. காசு வேண்டாம். மூடி, இடுக்கி, கரி ரெண்டு மூட்ட மிச்சம் கெடக்கு, அத்தனையும் எடுத்துக்கிடுங்க. ஆட்டோவுக்கும் நான் குடுக்கேன். எனக்கு நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். ஒரே ஒரு நா மத்தியானம், உங்க வீட்டு ஹாலுல வச்சு, சன்னல அடைச்சுட்டு எரிங்க. சாப்ட்டுட்டு எல்லாரும் கொஞ்சம் கண்ணசந்து எந்திரிங்க. எந்திரிச்சு எம்மவளுக்கு ஒரு போன் போட்டு, எரிச்சோம்மா, ஒண்ணும் ஆவலன்னு சொல்லுங்க. நம்பர் இந்தச் சீட்டுல எழுதி வச்சிருக்கேன். நான் சொன்னா அவ எடுக்க மாட்டா. நீங்க வேத்து ஆளு, நீங்க சொன்னா நம்புவா.

ஏன் எந்திரிச்சிட்டிய? தம்பி, உக்காருங்க. காசு வேண்டாம்னுதான சொல்லுதேன்.